வலிக்கிற கழுத்தும் வலிக்காத கையும்

பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து 24 வயதுப் பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அவருடைய மூன்று பக்கக் கடிதத்தின் சுருக்கம் இது.

"ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிற பிரிவில் ஐந்து வருஷமாக வேலை செய்கிறேன். காலையில் ஆறரை மணிக்குக் கம்பெனி பஸ் ஏறினால் வீடு திரும்ப ஏழு மணி ஆகும். இரண்டு வருஷமாகக் கழுத்து வலி. வலது தோளுக்கு மேல் கல் மாதிரி ஒரு கட்டி இருக்கிறது. கண்ணாடியில் பார்த்தால் ஒரு தோள் பெரிதாகவும் ஒரு தோள் இறங்கியும் தெரிகிறது. எக்ஸ்ரே பார்த்துவிட்டு, கழுத்து எலும்பின் வளைவு நேராகிவிட்டது, தேய்மானம் ஆரம்பித்திருக்கிறது என்றார்கள். எட்டு மாதமாகக் கழுத்துப் பட்டை போடுகிறேன். மெடிக்கலில் மூன்று மாத்திரையாகச் சேர்த்துக் கொடுப்பதைப் போட்டால்தான் தூக்கம் வருகிறது. அத்தை ஒருவரிடம் அழைத்துப் போய்ச் சுளுக்கு வழித்தார். கழுத்தைத் திருகிவிட்டதும் அன்றைக்கெல்லாம் தலை சுற்றல். இப்போது கழுத்தே மெலிந்துவிட்ட மாதிரி இருக்கிறது. இது சதை கரையும் நோயா? கட்டி புற்றுநோயா? பெண் பார்க்க வருகிறார்கள், பட்டையோடு எப்படிப் போய் நிற்பாய் என்று அம்மா அழுகிறார். வேலையை விட்டுவிடவா?"

கையெழுத்துப் போட்ட பிறகு, கீழே சின்ன எழுத்தில் இதையும் எழுதியிருக்கிறார்: "என் தம்பிக்கு 19 வயது, டிப்ளமோ படிக்கிறான். அவனுக்கும் ஒரு வருஷமாக வலது கை கொஞ்சம் மெலிந்திருக்கிறது. வலி ஒன்றும் இல்லை. மார்கழி மாதக் காலையில் சட்டைப் பொத்தான் போட வரவில்லை என்பான். ஜிம்மில் சேர்ந்திருக்கிறான். எங்கள் குடும்பத்துக்கே சதை பலவீனமா?"

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் கழுத்தைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அந்த மூன்று பக்கத்திலும் என்னைப் பயமுறுத்துகிற விஷயம் எதுவும் இல்லை. நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதிய அந்தச் சின்னக் குறிப்பில் இருக்கிறது. அதனால் தம்பியைப் பற்றி முதலில் பேசிவிடுகிறேன். உங்களுக்கான பதில் கொஞ்சம் காத்திருக்கலாம். தம்பியின் கை காத்திருக்கக் கூடாது.

வலி இருந்தால் நோய், வலி இல்லாவிட்டால் ஒன்றுமில்லை என்றுதான் நம் வீடுகளில் எல்லோரும் நினைக்கிறோம். நரம்பு விஷயத்தில் இந்தக் கணக்கு பல நேரம் தலைகீழாகிவிடும். இளம் வயதில், ஒரு கையில் மட்டும், வலியே இல்லாமல் சதை வற்றிக்கொண்டு வருகிறது, குளிரில் விரல்கள் மரக்கட்டை மாதிரி ஆகின்றன என்று கேட்டால் ஒரு நரம்பியல் மருத்துவரின் மனதில் முதலில் வருகிற பெயர்களில் ஹிராயாமா நோய் ஒன்று. 1959-ல் ஜப்பானிய மருத்துவர் ஹிராயாமா இதைப் பற்றி எழுதினார். 1984-ல் பெங்களூரிலிருந்து டாக்டர் கௌரிதேவியும் அவருடன் இருந்தவர்களும், ஒரே ஒரு கையோ காலோ மெலிகிற இதே போன்ற பாதிப்பைப் பற்றி எழுதினார்கள். அதாவது, நம் நாட்டுப் பையன்களிடம் இது இருப்பது நாற்பது வருஷமாகத் தெரிந்த விஷயம். பெரும்பாலும் ஆண்களுக்கு, 15 வயதிலிருந்து 25 வயதுக்குள் ஆரம்பிக்கும்.

இதற்கும் கழுத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். வளரும் வயதில் முதுகெலும்பு சட்டென்று நீண்டுவிடுகிறது. உள்ளே தண்டுவடத்தைச் சுற்றியிருக்கும் உறை சிலருக்கு அந்த வேகத்தில் நீள்வதில்லை. போன வருஷத்துச் சட்டை இந்த வருஷம் இழுத்துப் பிடிப்பது போலத்தான். நேராக நிமிர்ந்திருக்கும்வரை ஒன்றும் தெரியாது. கழுத்தைக் குனியும்போது அந்த உறை முன்பக்கமாக இழுபட்டு, தண்டுவடத்தை எலும்போடு சேர்த்து அழுத்துகிறது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எத்தனை மணி நேரம் குனிகிறோம்! அழுத்தம் தொடரும்போது தண்டுவடத்தின் முன்பக்கத்தில் இருக்கிற, கைச் சதையை இயக்குகிற செல்களுக்கு ரத்தம் சரியாகப் போகாமல் அவை ஒவ்வொன்றாகச் சாகின்றன. தொடு உணர்ச்சிக்கான பாதை வேறு என்பதால் வலியும் இருக்காது, மரத்துப்போவதும் அநேகமாக இருக்காது. சதை மட்டும் கரையும்.

இன்று ராத்திரி தம்பியின் இரண்டு கைகளையும் மேசை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லிப் பாருங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில், புறங்கைப் பக்கம், இடது கையில் சதை மேடாக இருக்கும். வலது கையில் அங்கே குழி விழுந்திருக்கிறதா? விரல்களை நீட்டச் சொன்னால் மெல்ல நடுங்குகின்றனவா? முழங்கையை மடக்கும்போது கட்டைவிரல் பக்கம் எழும்பி நிற்கிற முன்கைச் சதை அப்படியே இருந்து, சுண்டுவிரல் பக்கம் மட்டும் வற்றியிருக்கிறதா? இதற்கெல்லாம் ஆம் என்று பதில் வந்தால் அடுத்த வாரம்கூட வேண்டாம், இந்த வாரமே கிளம்புங்கள். இல்லை என்று வந்தாலும் ஒரு வருஷமாக மெலிகிற கையை மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும்.

இன்னொன்றையும் நம் மாவட்டத்துக்காரர்களிடம் நான் தவறாமல் கேட்பேன். அந்தக் கையில் தொட்டால் தெரியாத இடம் உண்டா? சூடு தெரியாமல் பட்ட கொப்புளம், வெளிறிய தேமல், முழங்கையின் உள்பக்க எலும்புக்குப் பின்னால் கயிறு மாதிரி தடித்த நரம்பு, இவற்றில் ஏதாவது உண்டா? இருந்தால் தொழுநோயையும் யோசிக்க வேண்டும். முகம் சுளிக்காதீர்கள். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சை செய்து நிமிர்த்தும் வேலையை டாக்டர் பால் பிராண்ட் 1940-களின் கடைசியில் நம் வேலூர் சி.எம்.சி.யில்தான் தொடங்கினார். கரிகிரியில் இதற்கென்றே ஒரு மருத்துவமனை பல பத்து வருஷமாக இருக்கிறது. இன்றைக்கு அரசு மருத்துவமனைகளில் மாத்திரை இலவசம், முழுசாகக் குணமாகும். மறைத்தால் மட்டும்தான் கை போகும்.

தம்பிக்குச் செய்ய வேண்டியது

உங்கள் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) அட்டையில் 19 வயதுத் தம்பிக்கு மருத்துவம் கிடைக்காது. அதனால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள், அல்லது உங்களால் முடிந்தால் சி.எம்.சி.க்குப் போங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துச் சென்று, எந்தச் சோதனைக்கு அது பொருந்தும் என்று அங்கேயே கேளுங்கள். நரம்பியல் மருத்துவர் பார்க்க வேண்டும் என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

கை நரம்புகளுக்கும் சதைக்கும் மின்சோதனை செய்வார்கள், கழுத்துக்கு எம்.ஆர்.ஐ. எழுதுவார்கள். இங்கே ஒரு விஷயத்தைக் கவனமாகக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கம்போல மல்லாந்து படுக்கவைத்து எடுக்கிற எம்.ஆர்.ஐ.யில் இந்த நோய் கண்ணில் படாமலே போகலாம். கழுத்தைக் குனிய வைத்தும் ஒரு முறை படம் எடுக்க வேண்டும். சீட்டில் அப்படி எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள். அரை குறையாக எடுத்துவிட்டு, எல்லாம் நார்மல் என்று வீட்டுக்கு வந்துவிட்டால் இன்னும் ஒரு வருஷம் வீணாகப் போகும்.

ஹிராயாமா நோய் என்றே உறுதியானாலும் இடிந்துபோக வேண்டாம். சில வருஷம் கூடிக்கொண்டு போய், பெரும்பாலும் தானாகவே நின்றுவிடுகிற நோய் இது. உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனால் நிற்பதற்குள் போன சதை முழுசாகத் திரும்புவதில்லை. அதனால்தான் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன். கழுத்தைக் குனியவிடாமல் பட்டை போட்டுவிடுவது இதில் முக்கியமான சிகிச்சை. சிலருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும். மருத்துவர் பார்க்கும்வரை ஜிம்மை நிறுத்தி வையுங்கள், கழுத்தை அழுத்திக் குனிகிற பயிற்சிகளைக் கட்டாயம் நிறுத்துங்கள். இயக்குகிற நரம்புச் செல்லே வாடும்போது எடை தூக்கிச் சதையை வளர்த்துவிட முடியாது. படுத்துக்கொண்டு நெஞ்சில் தாடை படும்படி போன் பார்க்கிற பழக்கம் இருந்தால் அதையும் இன்றோடு விடச் சொல்லுங்கள்.

குடும்பத்துக்கே பலவீனமா என்று கேட்டீர்கள். இல்லை. உங்கள் கழுத்து வலியும் தம்பியின் கையும் ஒரே வீட்டில் இருக்கிற இரண்டு வேறு விஷயங்கள்.

இனி உங்கள் கழுத்து

சரி, உங்களிடம் வருகிறேன். நீங்கள் பட்ட வலி பொய்யில்லை, கற்பனையும் இல்லை. ஆனால் அதற்கு நீங்கள் வைத்திருக்கிற பெயர் தவறு.

நம் தலை ஏறக்குறைய 5 கிலோ. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடக்கலாம். அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்தால் பத்து எண்ணுவதற்குள் தோள் நடுங்கும். தையல் மெஷின் மேல் குனிந்திருக்கும்போது உங்கள் கழுத்தின் பின் சதை அப்படித்தான் தலையை நீட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறது, பத்து நொடி இல்லை, நாள் முழுக்க. கையோ ஊசிக்கு அடியில் தோலை நகர்த்திக்கொண்டே இருக்கிறது, அதற்காகத் தோள் மேலே தூக்கியபடியே நிற்கிறது. ஓய்வே கிடைக்காத அந்தச் சதை இறுகிப்போகிறது. நீங்கள் கல் மாதிரி என்று சொல்கிற கட்டி பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். அழுத்தினால் வலி பின்மண்டைக்கு ஏறுகிறதா? ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் இளகி, புதன்கிழமைக்குள் மறுபடி இறுகிவிடுகிறதா? அப்படியென்றால் அது சதை முடிச்சு. புற்றுநோய்க் கட்டி வாரவிடுமுறை பார்க்காது. இருந்தாலும் நான் தொட்டுப் பார்க்கவில்லை. இ.எஸ்.ஐ. மருத்துவர் ஒரு முறை தொட்டுப் பார்க்கட்டும். மாதாமாதம் பெரிதாகிக்கொண்டே போனால், கூடவே சாயங்காலக் காய்ச்சலும் எடை குறைவும் இருந்தால் விஷயம் வேறு.

ஒரு தோள் உயரமாகவும் ஒரு தோள் தாழ்ந்தும் இருப்பது நம்மில் பலருக்கு உண்டு. கண்ணாடி முன் நின்று தேடினால்தான் தெரியும்.

எக்ஸ்ரேயில் வளைவு நேராகிவிட்டது என்ற வரிதான் உங்கள் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. வலியில் சதை இறுகினாலே வளைவு நேராகத் தெரியும். எடுக்கும்போது தாடையைக் கொஞ்சம் தாழ்த்தி நின்றாலும் தெரியும். வலியே இல்லாத எத்தனையோ பேருக்கும் அப்படித்தான் இருக்கிறது. ஜப்பானில் கழுத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வு 2015-ல் வெளிவந்தது. இருபதுகளில் இருந்தவர்களிலேயே பத்தில் ஏழு பேருக்கு மேல் கழுத்து எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் வட்டு பிதுங்கியிருந்தது. அவர்கள் யாருக்கும் வலி இல்லை. தேய்மானம் என்ற சொல்லை நம் ஊரில் கொஞ்சம் தாராளமாகவே சொல்லிவிடுகிறார்கள். 24 வயதுப் பெண்ணுக்கு அந்தச் சொல் எவ்வளவு பெரிய பாரம் என்று சொல்கிறவர்கள் ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும்.

கழுத்து மெலிந்துவிட்டது என்றீர்களே, அதில் உண்மை கொஞ்சம் இருக்கலாம். காரணம் நோய் இல்லை, பட்டை. கட்டுப் போட்ட கால், கட்டுப் பிரிக்கும்போது சூம்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எட்டு மாதமாகத் தலையைப் பட்டை தாங்கினால் சதை எதற்குத் தாங்க வேண்டும்? கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்கும் பின்னால், ஆழத்தில் சில சின்னச் சதைகள் இருக்கின்றன. நாள்பட்ட கழுத்து வலிக்காரர்களுக்கு இவை சோர்ந்துபோயிருக்கும். அவற்றின் வேலையையும் சேர்த்துச் செய்துதான் தோள் சதை இறுகுகிறது. மறுபடி வேலை கொடுத்தால் அவை திரும்பி வரும். தம்பியின் கைக்கும் உங்கள் கழுத்துக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான்.

என்ன செய்யலாம்

பட்டையை ஒரே நாளில் கழற்றி எறிய வேண்டாம். முதல் வாரம் வீட்டில் இருக்கும் நேரத்தில் போடாதீர்கள். அடுத்த வாரம் பாதி ஷிப்ட். மூன்று நான்கு வாரத்தில் முழுசாக விட்டுவிடலாம். கொஞ்சம் வலி கூடும். கூடினால் ஏதோ உடைந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் நேரில் காட்டித் தருவது நல்லது. ஆரம்பிக்க இது போதும்: தலையணை இல்லாமல் மல்லாந்து படுத்து, 'ஆமாம்' என்று தலையாட்டுவது போலத் தாடையை மெல்ல உள்ளே இழுத்துப் பத்து எண்ணும்வரை வையுங்கள். தலை தரையை விட்டு எழும்பக் கூடாது. பத்து முறை. அப்புறம் உட்கார்ந்து, உள்ளங்கையை நெற்றியில் வைத்துத் தள்ளுங்கள், தலை அசையாமல் எதிர்த்து நிற்கட்டும். பின்மண்டைக்கும் இரண்டு பக்கத்துக்கும் அப்படியே. ஒரு மாதம் கழித்து ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை இரண்டு கையிலும் பிடித்துத் தோளை ஏற்றி இறக்கலாம். கழுத்து வலி இருந்த 180 பெண் அலுவலக ஊழியர்களைப் பின்லாந்தில் ஒரு வருஷம் தொடர்ந்து கவனித்து 2003-ல் எழுதினார்கள். சதைக்கு வலுவேற்றும் பயிற்சி செய்தவர்களுக்கே வலி நன்றாகக் குறைந்தது. ஆறு வாரம் வரை பெரிய மாற்றம் தெரியாது, அதற்குள் விட்டுவிடாதீர்கள்.

மூன்று மாத்திரை செட்டை நிறுத்தியாக வேண்டும். ஆனால் சட்டென்று நிறுத்துவதற்கு முன் அட்டையை, அட்டை இல்லையென்றால் மாத்திரையையே மருத்துவரிடம் காட்டுங்கள். அதில் பல நேரம் வலி மாத்திரையோடு ஸ்டீராய்டும் இருக்கும். மாதக்கணக்கில் போட்டிருந்தால் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். வலி மாத்திரை தினமும் போனால் வயிற்றுப்புண்ணும் சிறுநீரகக் கோளாறும் வரலாம்.

சுளுக்கு வழிக்கிறவரிடம் எண்ணெய் தேய்த்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கழுத்தைத் திருகி சொடுக்கு எடுப்பது மட்டும் இனி வேண்டவே வேண்டாம். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் இரண்டு கழுத்து எலும்புக்குள் நுழைந்துதான் போகின்றன. திருகும்போது அவை கிழிந்தால் இளம் வயதிலேயே பக்கவாதம் வரலாம். அன்றைக்கு வந்த தலைசுற்றலை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். சலூனில் சொடுக்கு எடுக்கும் பழக்கம் தம்பிக்கு இருந்தால் அவரையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

கை விரல்கள் மரத்துப்போவது, பிடித்த பொருள் நழுவுவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் அடக்க முடியாமல் போவது, குனிந்தால் முதுகில் கரண்ட் பாய்வது, இவற்றில் எது வந்தாலும் இந்தப் பயிற்சியெல்லாம் அப்புறம். உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

வேலையும் கல்யாணமும்

வேலையை விட வேண்டாம். ஆனால் உட்காரும் விதம் மாற வேண்டும். கடிதத்தின் நடுவில், கறுப்புத் தோலில் கறுப்பு நூலால் தைக்கும் நாட்களில் வலி அதிகம் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்ததும் எனக்கு வந்த முதல் சந்தேகம் உங்கள் கண். தையல் கோடு தெரியாமல்தான் மூக்கு ஊசி வரை போகிறது. கண் பரிசோதனை செய்யுங்கள். ஒரு கண்ணாடியோ மெஷினுக்கு மேல் ஒரு நல்ல விளக்கோ, எட்டு மாதப் பட்டை செய்யாததைச் செய்துவிடலாம். ஸ்டூலை மெஷினுக்கு நெருக்கமாக இழுத்துப் போடுங்கள். ஒவ்வொரு பண்டல் முடியும்போதும் அரை நிமிஷம் கையைத் தொங்கவிட்டு, தோளைப் பின்னால் சுழற்றி, தூரத்தில் இருக்கும் ஜன்னலைப் பாருங்கள். டார்கெட் அதனால் குறையாது.

சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். அது சலுகை இல்லை, உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடித்துக் கொடுக்கிற காசு. மருத்துவர் ஓய்வு எழுதினால், சந்தா நாட்கள் போதுமான அளவு இருந்தால், வருஷத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். உங்களுக்கு அவ்வளவு ஓய்வு தேவைப்படாது, ஆனால் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். இருக்கை உயரம், விளக்கு, நடுவில் வேறு வேலைக்கு மாற்றிவிடுவது, இவற்றை மருத்துவரிடம் கடிதமாக எழுதி வாங்கிக் கொடுங்கள். சூப்பர்வைசரிடம் வாயால் சொன்னால் சாக்கு என்பார்கள். எழுத்தில் வந்தால் ஹெச்.ஆர். பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அம்மா பீடி சுற்றுகிறவர் என்றும், "எங்களுக்கு வராத வலியா" என்று கேட்பார் என்றும் எழுதியிருந்தீர்கள். மடியில் முறத்தை வைத்து முப்பது வருஷம் குனிந்தவருக்கு வலி வராமல் இருந்திருக்காது. கேட்க ஆள் இல்லாததால் சொல்லாமல் இருந்திருப்பார். அந்தப் பயிற்சியை ராத்திரி அவரையும் பக்கத்தில் படுக்க வைத்துச் செய்யுங்கள்.

கல்யாணத்துக்கோ குழந்தை பெறுவதற்கோ இந்தக் கழுத்து வலி தடையே இல்லை. மாப்பிள்ளை வீட்டார் கேட்டால், மெஷினில் உட்கார்ந்து வேலை செய்வதால் கழுத்து வலிக்கும், அதற்குப் பயிற்சி செய்கிறேன் என்று நீங்களே சொல்லுங்கள். மறைக்கும்போதுதான் அது பெரிய நோய் மாதிரி தெரிகிறது.

தம்பியை அழைத்துப் போகும் நாளில் உங்கள் கழுத்துப் பட்டையையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அவருக்குப் பட்டை தேவைப்பட்டால் இது பொருந்துமா, வேறு மாதிரி வாங்க வேண்டுமா என்று நரம்பியல் மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். அதுவரை நீங்களாக அவர் கழுத்தில் மாட்டிவிடாதீர்கள். பார்த்துவிட்டு வந்து, என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.